கூட்டம் முதலில், பாட்டு அப்புறம்: சூப்பர் குரூப் என்றால் என்ன?

1969 ஜூன் 7, சனிக்கிழமை. லண்டன் ஹைட் பார்க்கில் ஓர் இலவசக் கச்சேரி. புல்தரையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையேறப்போகும் குழுவின் பெயர் பிளைண்ட் ஃபெய்த், அதாவது குருட்டு நம்பிக்கை. அந்தக் குழுவுக்கு அதுதான் முதல் மேடை. அதுவரை ஓர் இசைத்தட்டுகூட வெளிவரவில்லை. வந்திருந்தவர்களில் அநேகமாக யாருக்கும் அவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது.

பிறகு எதற்கு அத்தனை கூட்டம்? பெயர்களுக்காக. கிதார் எரிக் கிளாப்டன். டிரம்ஸ் ஜிஞ்சர் பேக்கர். பாட்டும் ஆர்கனும் ஸ்டீவ் வின்வுட். பேஸ் கிதாரும் வயலினும் ரிக் கிரெச். முதல் இருவரும் கிரீம் என்ற குழுவில் இருந்தவர்கள். வின்வுட் டிராஃபிக் குழுவைச் சேர்ந்தவர், கிரெச் ஃபேமிலி குழுவிலிருந்து வந்தவர். மூன்றுமே அன்றைய பிரிட்டிஷ் ராக் ரசிகர்களுக்குப் பழக்கமான குழுக்கள்.

இப்படி, வேறு வேறு குழுக்களில் ஏற்கெனவே பேர் வாங்கியவர்கள் அவற்றிலிருந்து வெளியே வந்து, ஒன்றுசேர்ந்து புதிதாக ஒரு குழு அமைத்தால் அதைத்தான் ராக் இசையில் 'சூப்பர் குரூப்' என்கிறார்கள்.

நம் ஊரில் சூப்பர் என்றாலே பாராட்டு. காபி சூப்பர், படம் சூப்பர். இந்தச் சொல்லை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இசை நன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் தருவதில்லை. சூப்பர் குரூப் ஒன்று படுமோசமாகவும் வாசிக்கலாம், அப்போதும் அது சூப்பர் குரூப்தான்.

அதேபோல, பெரிய குழு எல்லாம் சூப்பர் குரூப் ஆகிவிடாது. லெட் செப்பலின் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மி பேஜ் அதற்கு முன் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தவர். ஜான் பால் ஜோன்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசித்துப் பேர் வாங்கியவர். தொழிலில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும், தெருவில் போகிறவருக்குத் தெரியாது. பாடகர் ராபர்ட் பிளான்ட், டிரம்ஸ் ஜான் பான்ஹம் இருவரும் 1968இல் கிட்டத்தட்ட புதுமுகங்கள். ஆகவே அதை யாரும் பொதுவாக சூப்பர் குரூப் கணக்கில் சேர்ப்பதில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலானவர்களை, குழு தொடங்கும் முன்பே ரசிகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் சோதனை. இந்த எல்லைக்கோடு கொஞ்சம் கலங்கலானதுதான், ரசிகர்கள் இதைப் பற்றி விடிய விடியச் சண்டை போடுவார்கள். அதற்குள் நாம் போக வேண்டாம்.

சரி, ஒரு சாதாரண ராக் குழு எப்படி உருவாகிறது? ஒரே ஊர்ப் பையன்கள் நான்கு பேர் சேர்கிறார்கள். முதலில் அடுத்தவர் பாட்டுகளை வாசித்துப் பழகுகிறார்கள். சின்னச் சின்ன இடங்களில், பாதிப் பேர் கவனிக்காமல் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கிறார்கள். பீட்டில்ஸ் 1960 முதல் 1962 வரை பலமுறை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போய், இரவு விடுதிகளில் மணிக்கணக்காக வாசித்தார்கள். உலகம் அவர்களைக் கவனிக்கத் தொடங்கியது அப்புறம்தான். தப்பு செய்ய, திருத்திக்கொள்ள, ஒருவர் எப்போது மூச்சு விடுவார் என்று மற்றவர் தெரிந்துகொள்ள, மோசமான பாட்டு பத்தை எழுதித் தூக்கிப்போட நேரம் இருந்தது. யாரும் பார்க்காத நேரம். அங்கே பாட்டு முதலில் வருகிறது, கூட்டம் அப்புறம்.

சூப்பர் குரூப்பில் இது தலைகீழ். கூட்டம் முதல் நாளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாட்டு இனிமேல்தான் எழுத வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் சூப்பர் குரூப்புகளின் கதையில் பாதி விளங்கிவிடும். பிளைண்ட் ஃபெய்த்தின் கதை முழுவதுமே விளங்கிவிடும்.

முதலில், இவர்கள் ஏன் பழைய குழுவை விட்டு வந்தார்கள் என்று பார்க்கலாம். கிரீம் 1966இல் தொடங்கியது. கிளாப்டன், பேக்கர், பேஸ் கிதாரும் பாட்டுமாக ஜாக் புரூஸ் என மூன்றே பேர். இதுவே ஒரு சூப்பர் குரூப்தான். முதல் சூப்பர் குரூப் என்றே பலர் சொல்வார்கள். பெயரைப் பாருங்கள்: பாலில் மேலே மிதக்கும் ஏடு. இருப்பவர்களில் தேர்ந்தெடுத்த மூவர் நாங்கள் என்று தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். அடக்கத்தைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பேக்கருக்கும் புரூஸுக்கும் ஆகவே ஆகாது. அதற்கு முந்தைய கிரஹாம் பாண்ட் குழுவில் இருந்த காலத்துப் பகை அது. மேடையில் சத்தம் ஏறிக்கொண்டே போனது, பாட்டுகள் நீண்டுகொண்டே போயின. அந்தச் சமயத்தில், 1968இல், தி பேண்ட் என்ற குழுவின் முதல் இசைத்தட்டு கிளாப்டன் கைக்கு வந்தது. ஆரவாரம் இல்லாத, பாட்டுக்கு முதலிடம் கொடுக்கிற இசை. தான் செய்துகொண்டிருப்பது அவருக்கே அலுத்துப்போனது. 1968 நவம்பர் 26 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிரீம் விடைபெற்றது.

வின்வுட்டின் பாதை வேறு. பர்மிங்ஹாமில் பிறந்தவர், பதினைந்து வயதிலேயே ஸ்பென்சர் டேவிஸ் குழுவில் பாடத் தொடங்கியவர். அந்தக் குரலைக் கேட்டால், பிரிட்டனில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் பாடுகிறான் என்று நம்புவது கஷ்டம். 1967இல் அதை விட்டு நண்பர்களோடு டிராஃபிக் குழுவைத் தொடங்கினார். பெர்க்‌ஷயர் கிராமப்புறத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து எல்லோரும் அங்கேயே தங்கி வாசித்தார்கள். 1969 தொடக்கத்தில் அந்தக் குழுவும் கலைந்தது.

வேலையில்லாத கிளாப்டனும் வின்வுட்டும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வாசிக்க ஆரம்பித்தார்கள். 1966இலேயே ஒரு சின்ன ஒலிப்பதிவுக்காகச் சேர்ந்து வாசித்திருந்ததால் அறிமுகம் புதிதல்ல. குழு அமைக்க வேண்டும், உலகைச் சுற்ற வேண்டும் என்ற திட்டம் எதுவும் அப்போது இல்லை. சும்மா வாசித்தார்கள். என்னைக் கேட்டால், இந்த மொத்தக் கதையிலும் அவர்கள் நிம்மதியாக இருந்தது இந்தச் சில வாரங்கள்தான்.

அப்புறம் ஒருநாள் பேக்கர் வந்து சேர்ந்தார். கிளாப்டனுக்குத் தயக்கம். கிரீமை இப்போதுதான் மூட்டைகட்டி வைத்தோம், அதில் மூன்றில் இரண்டு பங்கு மறுபடியும் ஒரே மேடையில் நின்றால் ஊர் என்ன நினைக்கும்? ஆனால் வின்வுட்டுக்குப் பேக்கரின் வாசிப்பு பிடித்துவிட்டது. பேக்கர் உள்ளே வந்தார். பேஸ் கிதாருக்கு ஆள் வேண்டியிருந்தது; ஃபேமிலி குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த கிரெச் பயணத்தின் நடுவிலேயே கிளம்பி வந்துவிட்டார். சூப்பர் குரூப் பற்றிப் பேசும்போது யாரும் அதிகம் நினைத்துப் பார்க்காத பக்கம் இது. ஒரு குழு பிறக்கும்போது இன்னொரு குழு நடுவழியில் ஆளில்லாமல் நிற்கிறது.

கிளாப்டன் பயந்தது நடந்தது. செய்தி கசிந்ததும் பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் தெரிந்தது ஒரே விஷயம்: கிரீம் வேறு ரூபத்தில் திரும்பி வருகிறது. கிளாப்டன் தேடியதோ கிரீமிலிருந்து தப்பிக்க ஒரு வழி. மேலாளர் தரப்பிலும் அவசரம். கிரீமைக் கவனித்துக்கொண்ட ராபர்ட் ஸ்டிக்வுட் இங்கேயும் இருந்தார். முதல் கச்சேரி, இசைத்தட்டு, அமெரிக்கப் பயணம் என்று எல்லாம் வரிசையாக முடிவாகிவிட்டது. பாட்டு எத்தனை கையில் இருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்பது சந்தேகம்தான்.

ஹைட் பார்க் கச்சேரியின் படப்பதிவு இன்றும் கிடைக்கிறது. பார்த்தால் ஒன்று தெரியும். கூட்டம் அமைதியாக, வெயிலில் சாய்ந்தபடி, எதையும் ரசிக்கத் தயாராக இருக்கிறது. மேடையில் இருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக வாசிக்கிறார்கள். தெரியாத வீட்டில் இருட்டில் நடப்பவர்போல ஒரு தடவல். கிளாப்டன் பல இடங்களில் பின்னாலேயே நிற்கிறார். நேரத்தை நிரப்ப ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றையும், டிராஃபிக்கின் பழைய பாட்டு ஒன்றையும் வாசித்தார்கள். ஒரு லட்சம் பேர் கைதட்டினார்கள். கிளாப்டனுக்குத் திருப்தியில்லை. சுமாராக வாசித்தாலும் கைதட்டு கிடைக்கும் என்றால், எது சரி எது தப்பு என்று எப்படித் தெரியும்?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பிளைண்ட் ஃபெய்த் வெளியிட்ட ஒரே இசைத்தட்டில் மொத்தம் ஆறு பாட்டு. ஜிம்மி மில்லர் தயாரித்தது. வின்வுட் எழுதியவை மூன்று, கிளாப்டனுடையது ஒன்று, பேக்கருடையது ஒன்று. ஆறாவது, பத்து வருடத்துக்கு முன் விமான விபத்தில் இறந்துபோன அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் பழைய பாட்டு. மொத்த நேரம் சுமார் 42 நிமிடம்.

அதில் 15 நிமிடத்துக்கு மேல் ஒரே பாட்டு. பேக்கர் எழுதிய 'டூ வாட் யூ லைக்'. உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்று பொருள். தலைப்புக்கு நியாயமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஐந்து எண்ணிக்கைத் தாளம் அது. நம் கணக்கில் கண்டம், தக தகிட என்று கையில் போட்டபடி கேட்டால் சரியாக உட்காரும். முதலில் கொஞ்சம் பாட்டு வருகிறது. அப்புறம் ஆர்கன் ஒரு சுற்று, கிதார் ஒரு சுற்று, பேஸ் ஒரு சுற்று, கடைசியில் பேக்கரின் நீண்ட தனி ஆவர்த்தனம். பிறகு மறுபடி பாட்டுக்கு வந்து முடிக்கிறார்கள். நல்ல வாசிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கச்சேரி மேடையில் பொருந்தும் அந்த அமைப்பு இசைத்தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது ஏன் என்று யோசித்தால், ரசனை மட்டுமே காரணமாகத் தோன்றவில்லை. ஏழாவது பாட்டு இல்லை, அவ்வளவுதான். நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்தாக வேண்டும் என்பது இன்னொரு காரணம். நான்கு பெரிய பெயர்கள் இருந்தால் நான்கு பேரையும் தனித்தனியாகக் காட்டத்தானே வேண்டும்? சூப்பர் குரூப்புகளில் பந்தி பரிமாறுவதுபோல இந்தச் சமபங்கு அடிக்கடி வரும்.

அதே இசைத்தட்டில் இதற்கு நேர் எதிராக இன்னொன்று இருக்கிறது. 'கான்ட் ஃபைண்ட் மை வே ஹோம்', வின்வுட் எழுதியது. மூன்று நிமிடம் சொச்சம். கிளாப்டன் கையில் மின்கிதார் இல்லை, சாதா கிதார். வின்வுட் மேல் ஸ்தாயியில், கிட்டத்தட்ட உடைந்துவிடும் குரலில், வீட்டுக்குப் போகும் வழி தெரியவில்லை என்று பாடுகிறார். கேட்க வேண்டியது பேக்கரை. ஊரிலேயே அதிகச் சத்தத்துக்குப் பேர்போன அந்த மனுஷன் இதில் அடக்கி வாசிக்கிறார். கிதார் நரம்புகளின் நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் லேசாகத் தொட்டுவிட்டு ஒதுங்குகிறார். யாரும் தன் பெயரைக் காட்டவில்லை, தனிச் சுற்று எதுவும் கிடையாது. பெர்க்‌ஷயர் வீட்டில் சும்மா உட்கார்ந்து வாசித்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். இன்னும் ஒரு வருடம் அவர்களை அந்த வீட்டிலேயே விட்டிருந்தால் இதுபோல பத்துப் பாட்டு வந்திருக்குமோ என்னவோ.

விடவில்லை. ஜூலை 12ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்கப் பயணம் தொடங்கியது. பிரம்மாண்டமான அரங்குகள். இசைத்தட்டு ஆகஸ்டில்தான் கடைக்கு வந்தது, ஆகவே பல ஊர்களில் ரசிகர்களுக்கு இவர்களுடைய சொந்தப் பாட்டு எதுவும் தெரியாது. தெரிந்தது கிரீம் பாட்டு. அதையே கேட்டுக் கத்தினார்கள். இவர்களும் வாசித்தார்கள். கிரீம் பாட்டை வாசித்தபோது அரங்கு அதிர்ந்தது, புதுப் பாட்டை வாசித்தபோது அந்த ஆரவாரம் இல்லை. எந்தக் குழுவிலிருந்து தப்பி வந்தாரோ அதன் பாட்டையே கிளாப்டன் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. (இசைத்தட்டின் அட்டைப் படத்தால் ஒரு பெரிய சர்ச்சையும் வந்தது, அமெரிக்காவில் குழுவின் புகைப்படம் போட்ட வேறு அட்டையில் விற்றார்கள். அது தனிக் கதை.)

இந்தப் பயணத்தில் இவர்களுக்கு முன்னால் மேடையேறி வாசித்த குழுக்களில் டிலேனி அண்ட் பானி என்ற அமெரிக்கத் தம்பதியின் குழுவும் ஒன்று. பெரிய பெயர் கிடையாது, ஆனால் மேடையில் சந்தோஷமாக வாசித்தார்கள். கிளாப்டன் தன் குழுவை விட்டுவிட்டு அவர்களோடேயே சுற்ற ஆரம்பித்தார், அவர்களுடைய பேருந்திலேயே பயணம் செய்தார். குழுவின் முக்கியமான ஆள் அடுத்த குழுவின் வண்டியில் ஏறிவிட்டால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 24, ஹவாய். அதுதான் கடைசிக் கச்சேரி. முதல் மேடைக்கும் கடைசி மேடைக்கும் இடையே 78 நாள். இசைத்தட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது செப்டம்பரில். அதாவது, ஊரே வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தபோது வாசிப்பதற்குக் குழு இல்லை.

எல்லா சூப்பர் குரூப்பும் இப்படி அற்பாயுசில் போவதில்லை. 1973இல் வந்த பேட் கம்பெனியைப் பாருங்கள். ஃப்ரீ குழுவிலிருந்து பாடகர் பால் ராட்ஜர்ஸும் டிரம்ஸ் சைமன் கிர்க்கும், மாட் தி ஹூப்பிளிலிருந்து கிதார் மிக் ரால்ஃப்ஸும், கிங் கிரிம்சனிலிருந்து பேஸ் போஸ் பரல்லும் சேர்ந்த குழு அது. இவர்கள் தெரிந்த பெயர்கள்தான், ஆனால் வீட்டு வாசலில் ஒரு லட்சம் பேர் காத்திருக்கும் அளவுக்கு இல்லை. முதலில் பாட்டுகளைத் தயார் செய்து, ஹெட்லி கிரேஞ்ச் என்ற கிராமத்து மாளிகையில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். அந்த இசைத்தட்டு 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, குழுவும் அந்தப் பத்தாண்டு முழுக்க ஓடியது. சுவாரசியம் என்னவென்றால், 1969இல் பிளைண்ட் ஃபெய்த்துக்கு முன்னால் மேடையேறி வாசித்த குழுக்களில் ஃப்ரீயும் ஒன்று. ராட்ஜர்ஸும் கிர்க்கும் அந்தக் கூத்தை மேடையோரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

1988இல் டிராவலிங் வில்பரிஸ் வேறு வழியில் போனது. ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி, ஜெஃப் லின். இதைவிடப் பெரிய பெயர்ப்பட்டியல் கிடையாது. ஆனால் தொடக்கம் ரொம்பச் சாதாரணம். ஹாரிசனுக்குத் தன் சிங்கிள் (ஒரு பாட்டை முன்னிறுத்தி விற்கும் தட்டு) ஒன்றின் பின்பக்கத்துக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது; டிலன் வீட்டில் நண்பர்கள் கூடி எழுதினார்கள். அது நன்றாக அமைந்துவிட்டதால் குழுவே உருவானது. எல்லோரும் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். கச்சேரிப் பயணம் என்று எங்கும் போகவில்லை. பாட்டு முதலில் வந்தது, கூட்டத்தை வீட்டிலேயே இருந்து கேட்கச் சொல்லிவிட்டார்கள்.

கிளாப்டனும் 1970இல் இதே யோசனைக்கு வந்திருந்தார். டிலேனி அண்ட் பானி குழுவில் வாசித்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு டெரக் அண்ட் தி டாமினோஸ் என்று புதுக் குழு ஆரம்பித்தார். கிளாப்டன் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. பிரிட்டனில் சின்னச் சின்ன இடங்களாகப் பார்த்து வாசித்தார்கள். யார் இந்த டெரக் என்று தெரியாமல் வருகிறவர்கள் வரட்டும் என்பதுதான் எண்ணம். பதிவு நிறுவனத்துக்கு அது எவ்வளவு எரிச்சலைத் தந்திருக்கும் என்று யூகிக்கலாம்.

வின்வுட் தனி இசைத்தட்டு போடலாம் என்று உட்கார்ந்து, பழைய நண்பர்களைக் கூப்பிட்டு, அதுவே டிராஃபிக்கின் அடுத்த இசைத்தட்டாக முடிந்தது. பேக்கர் பத்துப் பேர் கொண்ட ஒரு பெரிய படையைத் திரட்டினார். கிரெச் அதில் வாசித்தார், வின்வுட்டும் கொஞ்ச நாள். கிரெச் 1990இல் இறந்தார், பேக்கர் 2019இல்.

இந்த இசைத்தட்டைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் இரண்டாவது பாட்டில் ஆரம்பியுங்கள், வீட்டுக்கு வழி தெரியாத அந்தப் பாட்டில். பதினைந்து நிமிடப் பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அது முடிந்ததும், 2008 பிப்ரவரியில் கிளாப்டனும் வின்வுட்டும் சேர்ந்து நடத்திய கச்சேரிகளின் பதிவைத் தேடிப் பாருங்கள். அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன், மூன்று இரவு. பிளைண்ட் ஃபெய்த் பாட்டுகளையும் வாசித்தார்கள். இடையில் 39 வருடம் போயிருந்தது, வந்திருந்த கூட்டத்துக்கு ஒவ்வொரு பாட்டும் முதல் சுரத்திலேயே தெரிந்திருந்தது.